அந்தப் பக்கம் போச்சா?

நீ போன்ல பேசினது காதுல விழுந்துருச்சு கண்ணு, தப்பா எடுத்துக்காத. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துட்டு காதைப் பொத்திக்கவா முடியும். மிசினைப் போட்டா கரண்டு போயிருது, ஆளு வந்து வந்து பாக்கறான், ஒண்ணும் தெரியலைங்கறான்னு உங்கம்மாகிட்டச் சொன்னியல்ல? நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மிசினைத் தூக்கி எவனுக்காச்சும் குடுத்துராத. மொதல்ல பக்கத்து ஊட்டுல போயிக் கேளு.

பக்கத்து ஊட்டுக்காரங்களோட பேச்சு இல்லையா? அப்பச் சரி. அப்ப நான் முழுசாத்தான் சொல்லணும். கோயமுத்தூரு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது. இந்தா, முறுக்கு எடுத்துக்க. நான் சுட்டதில்லை, எங்கொழுந்தனாரு சம்சாரம் சுட்டது. உப்பு சித்தக் கம்மியாத்தான் இருக்கும். அவளுக்கு எதுலயும் அளவு தெரியாது.

அவளைப் பத்தித்தான் பேச்சே. பூங்கொடின்னு பேரு. பேரு மட்டுந்தான்.

எங்கூடு அந்தியூருக்குப் பக்கத்துல. மாமனாரு கட்டுன ஊடு. தெருவாசல்ல இருந்து பொடக்காளி வரைக்கும் ரயிலுப் பொட்டியாட்ட நீளம். பொடக்காளின்னா பின்னால குளிக்கத் தொவைக்க இருக்கற எடம், உங்க ஊருல வேற என்னமோ சொல்லுவீங்க. மாமியா போனதுக்கப்பறம் அண்ணந் தம்பி ரெண்டு பேரும் ஊட்டை நடுவால பிரிச்சாங்க. மூத்தவரு எங்கூட்டுக்காரரு, எளையவரு ஆறுச்சாமி, அவரு சம்சாரந்தான் பூங்கொடி. ஆசாரத்துக்கு, அதான் முன்கூடத்துக்கு, நடுவுல ஒரு செவுரு, தனித்தனி வாசல், தனித்தனி மீட்டரு. அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை தடிச்சுப் பேசலை. அவங்களுக்கு வாயே கெடையாது கண்ணு. பேச வேண்டியதையெல்லாம் நாங்க ரெண்டு பேருந்தான் பேசணும். பேசினோம்.

அதுக்கப்பறமும் செவுத்துக்கு மேல கொழம்பு போகும், ரசம் வரும். அதையெல்லாம் நிப்பாட்டுனது நான் இல்லை. அவதான். எப்படின்னு கேளு.

எனக்கு இந்த வலது மணிக்கட்டு ஆகாது. ஒரு வேட்டியைப் புழிஞ்சாப் போதும், விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எம்பையன் கோயமுத்தூருல கம்பெனியில இருக்கறான். பொங்கலுக்கு வந்தவன் இதைப் பாத்துட்டு, தொவைக்கற மிசினு ஒண்ணு வாங்கிப் பொடக்காளியில வெச்சுட்டுப் போனான். தெருவே வந்து பாத்துச்சு. பூங்கொடி மட்டும் வரலை. வரலைன்னாக்கூடப் பரவால்லை. எதுத்தூட்டுக்காரிகிட்ட அவ சொல்றா, செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, எனக்குக் கேக்கோணும்னே சொல்றா: "துணி தொவைக்கத்தான் மிசினு வந்துருக்குது. எங்கக்காவுக்குச் சண்டை போடறதுக்கும் ஒரு மிசினு வந்துட்டா வாயும் வலிக்காது."

நீயே சொல்லு. சிரிக்கறியே. சிரிக்கற விசயமா இது? எதுத்தூட்டுக்காரியும் இப்படித்தான் சிரிச்சா. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு. எதுக்க வந்தா நான் கெழக்கால பாப்பேன், அவ மேக்கால பாப்பா. அவ மக மேகலா மட்டும், "பெரீம்மா"ன்னு கூப்பிட்டுட்டு வருவா. அந்தப் புள்ளையை நான் தூக்கி வளத்தவ. அதுகூட என்ன சண்டை எனக்கு.

எங்கூட்டுக்காரருகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன், உங்க தம்பியூட்டோட எந்தச் சங்காத்தமும் வெச்சுக்கக் கூடாதுன்னு. சரின்னுட்டாரு. நல்ல மனுசன், சொன்னாக் கேட்டுக்குவாரு. தெனமும் சாயங்காலம் டீக்கடைக்குப் போவாரு. கொழுந்தனாரும் அதே நேரத்துக்கு அதே கடைக்குத்தான் வருவாராமா. ஊருல இருக்கறது ஒரு நல்ல டீக்கடை, என்ன பண்ணுவாங்க. ஆளுக்கொரு பக்கமா உக்காந்து குடிச்சுட்டு வந்துருவாங்களாட்டம் இருக்குது.

அப்படியிருக்கறப்பத்தான் எங்க தெருவுல ஒருத்தருக்கு பிரிட்ஜைத் தொட்டு ஷாக் அடிச்சுப்போச்சு. ஆளு பொழச்சுக்கிட்டாரு. ஆனா தெருவே பயந்துருச்சு. ஷாக் அடிக்கறதுக்கு முன்னாலயே டப்புன்னு கரண்டை நிறுத்திப்போடுமே, டிரிப்பருன்னு, அதை ஒவ்வொரு ஊட்டுலயும் மாட்டுனாங்க. பூங்கொடி ஊட்டுல மாட்டுனாங்க. அவளே மாட்டிட்டான்னா நான் மட்டும் ஷாக் அடிச்சுச் சாகோணுமா? அதே வாரத்துல நானும் மாட்டுனேன்.

மாட்டுன மறுநாளு மிசினைப் போடறேன், டப். ஊடே செத்துப் போச்சு. போயி டிரிப்பரை ஏத்தி விட்டா வெளக்கு எரியுது, காத்தாடி சுத்துது, மிக்சி ஓடுது. மிசினைப் போட்டா டப். இதுல என்ன கொடுமைன்னா கண்ணு, எங்கூட்டுல டப்புன்னு விழுகறதும், செவுத்துக்கு அந்தப் பக்கம் பூங்கொடி, "இந்தா போச்சு, போச்சு"ன்னு கத்தறதும் ஒரே நேரத்துல இருக்கும். எனக்கு எப்படி இருக்கும்? எங்கூட்டுல கரண்டு போறது அவளுக்குக் கொண்டாட்டமாப் போச்சேன்னு வயிறு எரிஞ்சுச்சு. காதை வெச்சுக் கேட்டுட்டே இருப்பா போலிருக்குதுன்னு நெனச்சேன். அவ என்ன பண்றாங்கறது எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் அந்தச் செவுத்தோரமாத்தான் உக்காந்துருப்பேன். வெய்யக் காலத்துல அங்கதான் குளுகுளுன்னு இருக்கும்.

மிசினு கம்பெனி ஆளு வந்தான். பின்னால கழட்டுனான், முன்னால கழட்டுனான், உள்ளுக்குள்ள இருந்து எங்கூட்டுக்காரரோட சட்டைப் பொத்தான் ஒண்ணை எடுத்துக் கையில குடுத்தான். மீட்டரு வெச்சுப் பாத்துட்டு, "மிசினு சுத்தமா இருக்குதுங்க"ன்னுட்டான். நான் நம்பலை. கடைக்கே தூக்கிட்டுப் போயிப் பாருங்கன்னு அனுப்பி வெச்சேன். அங்க நாளெல்லாம் ஓடியிருக்குது, ஒரு தடவை விழுகலை. கடைக்காரரூட்டுத் துணி, அவரு மச்சானூட்டுத் துணி எல்லாத்தையும் தொவைச்சுக் குடுத்துட்டு, நல்ல புள்ளையாட்டத் திரும்பி வந்துச்சு. பொடக்காளியில வெச்சுப் போட்டேன். டப். அந்தப் பக்கம், "போச்சு".

டிரிப்பரு கெட்டதுன்னு புதுசு மாத்துனோம். டப். மிசினுக்கடியில பலகை போட்டோம், பலகைக்கடியில ரப்பரு போட்டோம். எங்கூட்டுக்காரரு ரப்பர்ச் செருப்பு மாட்டிட்டு, கையில பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்திக்கிட்டு சுவிட்சைப் போட்டாரு. பாக்கவே பாவமா இருந்துச்சு. டப். டவுன்ல இருந்து ஒரு வயர்மேனைக் கூட்டிட்டு வந்தோம். அவன் கொஞ்சம் வெவரமானவன். மிசினை உருவிப்போட்டு, அதே பிளக்குல இஸ்திரிப் பொட்டியைச் சொருகுனான். அதுக்கும் டப். "மிசினு இல்லைங்க்கா, இந்தப் பிளக்குக்கு வர்ற ஒயரு. செவுத்துக்குள்ள ஈரம் எறங்கியிருக்குது. செவுத்தைக் கொத்தித்தான் பாக்கோணும்"ன்னான்.

எந்தச் செவுரு தெரியுமா? அந்த நடுச்செவுரு. பொதுச் செவுரு. அதைக் கொத்தோணும்னா பூங்கொடிகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்.

அதுக்கு நான் கையாலயே தொவைச்சுக்கறேன்னுட்டேன்.

வேற பிளக்குல இருந்து ஒயரை இழுத்துப் போட்டுக்கலாமேன்னு நீ கேப்ப. நானும் கேட்டேன். ஈரத்துல ஒயரு கெடந்தா ஆளே போயிருவ, வேண்டாம்னு எங்கூட்டுக்காரரு விடலை. அவரு ஒண்ணை வேண்டாம்னு சொல்றதே அபூர்வம், அதனால கேட்டுக்கிட்டேன். அந்த வயர்மேனும், "கோடை ஏற ஏற ஈரம் காஞ்சாலும் காஞ்சுரும், அப்பப்பப் போட்டுப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அப்பப்பப் போட்டுப் பாப்பேன். டப். "போச்சு." வாளியை எடுத்துட்டுப் போயித் தொவைக்கற கல்லுல உக்காந்துக்குவேன். மணிக்கட்டு பன்னாட்ட வீங்கிப் போச்சு. அப்பக்கூட நான் அவ வாசல்ல போயி நிக்கலை.

ஒரு நாள் செவுத்துக்கு மேல எட்டிப் பாக்கறேன். எதுக்கோ துணி காயப்போட ஸ்டூல்ல ஏறுனேன், வேணும்னு பாக்கலை. அவ ஊட்டுக் கரண்டுப் பொட்டியில எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்துக் கட்டியிருக்குது. எனக்கு பக்குன்னுருச்சு. ஆஹா, இவ மந்திரம் வெச்சுத்தான் எங்கூட்டுக் கரண்டை நிறுத்தறாளான்னு. விடுவனா? எங்கூட்டுப் பொட்டிக்கு நான் அதைவிடப் பெரிய எலுமிச்சம்பழமாப் பாத்துக் கட்டுனேன்.

சித்திரை பொறந்துச்சு. மேகலாவைப் பொண்ணு பாக்க வர்றாங்கன்னு தெருவுல பேச்சு. எங்களுக்குச் சொல்லலை. கூப்பிடாட்டிப் போகுது, மாப்பிள்ளை எந்த ஊருன்னாச்சும் சொல்லலாமில்ல? கோபிப் பக்கமாம், காலேஜுல வாத்தியாராம், அம்மா மட்டுந்தானாம், அப்பா இல்லையாம். இதெல்லாம் எங்கூட்டுக்காரரு வந்து சொன்னாரு. அவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். டீக்கடையில காதுல விழுந்துச்சுன்னாரு. டீக்கடையில எல்லாம் விழுகும்.

அன்னைக்குக் காத்தாலேயே அந்தப் பக்கம் ஒரே சத்தம். நெய்யி வாசம் வருது, கேசரி கிண்டறா. முந்திரியைக் கருக விட்டுட்டான்னு வாசத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் இருந்தா விட்டுருப்பனா? மேகலாவுக்குத் தலை நான் பின்னுனா இடுப்புக்குக் கீழ வரைக்கும் ஒரே சீரா வரும், அவ பின்னுனா நடுவுல கோணிக்கும். இதையெல்லாம் நெனைச்சுட்டு நான் ஒண்ணும் அழுதுட்டு உக்காரலை. எனக்கு எவ்வளவோ வேலை. ஊட்டுல இருக்கற போர்வை, தலகாணி உறை, சன்னல் திரை எல்லாத்தையும் உருவி ஊறப்போட்டேன். நல்ல வெய்யிலு. செவுத்து ஈரம் காஞ்சிருக்கும், இன்னைக்குப் போட்டுப் பாப்போம்னு மிசினைப் போட்டேன்.

டப். "ஐயோ, போச்சு."

ஏத்தி விட்டேன். போட்டேன். டப். "மறுக்காப் போச்சுங்க, வந்து பாருங்க."

அவ கத்தக் கத்த எனக்கு வீம்பு ஏறிப் போச்சு கண்ணு. அவ ஊட்டுல விசேசம்னா எங்கூட்டுல கரண்டு வரக் கூடாதா? திரும்பத் திரும்ப ஏத்தறேன், போடறேன், விழுகுது. எங்கூட்டுக்காரரு பாவம், ஸ்டூல்லயே நின்னுக்கிட்டாரு, எறங்கி எறங்கி ஏறறதுக்கு முடியலைன்னு. அதுக்குள்ள வாசல்ல காரு வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. நான் போட்டேன். டப். இந்தத் தடவை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

சித்த நேரத்துல தெருவுல யாரோ ராசுக்குட்டி, ராசுக்குட்டின்னு கூப்படறாங்க. எட்டிப் பாத்தா கொழுந்தனாரு பட்டு வேட்டியோட நிக்கறாரு, சட்டையெல்லாம் வேர்வை. ராசுக்குட்டி எங்கூரு வயர்மேன். ஊடு பிரிச்சப்ப வயரிங் பண்ணுனது அவந்தான். அவனை நாங்க கூப்பிடாததுக்குக் காரணம், அவன் பூங்கொடிக்குச் சொந்தம். அவ அவனைக் கூப்பிடாததுக்குக் காரணம், அவன் வேலை சரியில்லைன்னு சொந்தத்துலயே எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு வேற யாரும் கெடைக்கலை போல.

ராசுக்குட்டி அவ ஊட்டுக்குள்ள போறான். என்னமோ பேசறாங்க. "காத்தால இருந்து விழுந்துட்டே இருக்குது, எதைப் போட்டு விழுகுதுன்னே தெரியலை. எல்லாத்தையும் உருவிப்போட்டேன், அப்பவும் விழுகுது"ன்னு கொழுந்தனாரு சொல்றாரு. அதைக் கேட்டதும் எனக்கு, அட, இதென்னடா கூத்துன்னு இருந்துச்சு. அவங்க ஊட்டுலயுமா விழுகுது? அப்ப அவ போச்சு போச்சுன்னது அவ ஊட்டுக் கரண்டையா?

அப்பப் பாத்து எங்கூட்டுக்காரரு வாசலுக்குப் போயி, தம்பியைப் பாத்து, "எங்கூட்டுலயும் விழுகுது ஆறுச்சாமி"ன்னுட்டாரு. நான் இருக்கறப்பவே. ராசுக்குட்டி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். தலையைச் சொறிஞ்சான். அப்பறம் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னு, "ஏனுங்க்கா, நீங்க மிசினைப் போட்டா எங்க அக்காவூட்டுல விழுகுதான்னு பாத்தீங்களா?"ன்னான்.

"நான் எதுக்குடா பாக்கறேன்"ன்னேன்.

"இப்பப் பாத்துரலாங்க"ன்னான்.

நான் பொடக்காளியில மிசினுகிட்ட. பூங்கொடி அவ ஊட்டுல டிரிப்பருகிட்ட. ராசுக்குட்டி தெருவுல நடுவுல. நான் போட்டேன். இவன் அந்தப் பக்கம் திரும்பி, "போச்சா?"ங்கறான். அவ சொன்னது எனக்கே கேக்குது, ஆனா இவன் இந்தப் பக்கம் திரும்பி, "போச்சாமுங்க"ங்கறான். ரெண்டு ஊட்டுலயும் ஏத்தி விடறாங்க. நான் மிசினை உருவிப்போட்டு நிக்கறேன். "இப்பப் போகலையாமுங்க." அப்பறம் மறுபடியும் சொருகிப் போடறேன். "போச்சாமுங்க." மாப்பிள்ளையூட்டுக்காரங்க உள்ள புழுக்கம் தாங்காம வாசலுக்கே வந்து நின்னு வேடிக்கை பாக்கறாங்க. மாப்பிள்ளையோட அம்மா முந்தானையால விசிறிட்டு நிக்கறாங்க.

ராசுக்குட்டி ஏணியைப் போட்டு அவங்க ஆசாரத்துப் பரண்மேல ஏறுனான். பழைய ஒயரெல்லாம் அதுக்கு மேலதான் ஓடுது. அங்க ஏறுனா எதுவும் கேக்காதாம். "ஏனுங்க, நான் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். நீங்களே ஒருத்தருக்கொருத்தரு கேட்டுச் சொல்லிக்கங்க"ன்னுட்டு மேல போயிட்டான்.

என்ன பண்ணச் சொல்ற? நான் மிசினைப் போட்டேன். எங்கூட்டுல விழுந்துச்சு. அந்தப் பக்கம் விழுந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? இவரைக் கேக்கச் சொல்லலாம்னு பாத்தா இவரு ஸ்டூல்ல நின்னுட்டு மேல பாத்துட்டு நிக்கறாரு. செவுத்தைப் பாத்துத்தான் கேட்டேன்.

"அந்தப் பக்கம் போச்சா?"

அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் அவ சொன்னா, "போச்சுங்க்கா."

அக்கான்னா கண்ணு. பொங்கலுக்கப்பறம் அன்னைக்குத்தான். நான் அதுக்கெல்லாம் உருகிற ஆளு இல்லை. ஆனா ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாதில்ல, கரண்டு விசயம். அதனால மறுபடியும் போட்டேன். "போச்சா?"ன்னேன். "போச்சுங்க்கா"ன்னா. எதுக்கும் இன்னொருக்கா பாத்துரலாம்னு போட்டேன். "இப்ப?" "இப்பவும் போச்சுங்க்கா. உங்க பக்கம்?" "எம்பக்கமும் போச்சு. நீ ஸ்டூல்ல பாத்து நில்லு, சேலை தடுக்கும்." "சரிங்க்கா. நீங்க ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதீங்க." இப்படியே போயிட்டு இருக்குது. கடைசியா ராசுக்குட்டி பரண்ல இருந்து தலையை நீட்டி, "போதும் நிறுத்துங்க்கா, நான் கண்டுபிடிச்சு ரொம்ப நேரம் ஆச்சு"ங்கறான். அதை மொதல்லயே சொல்லலாமில்ல?

என்ன தப்புன்னா, அவன் பண்ணுன தப்புத்தான். ஊடு பிரிச்சப்ப பழைய மெயின் பொட்டி பூங்கொடி பக்கம் போச்சு. எங்களுக்குப் புதுசா ஒண்ணு வெச்சான். ஒரு பிளக்குக்கு ரெண்டு ஒயரு வேணுமில்ல, ஒண்ணு கரண்டு வர, ஒண்ணு திரும்பிப் போக. பொடக்காளிப் பிளக்குக்கு வர்ற ஒயரை எங்க பொட்டியில இருந்து குடுத்துட்டு, திரும்பிப் போற ஒயரை மட்டும் பழையபடி அவ பொட்டிக்கே விட்டுட்டான். அதை மாத்தோணும்னா நடுச்செவுரு பூராக் கொத்தோணும். அண்ணனும் தம்பியும், "புதுச் செவுத்தைக் கொத்த வேண்டாம், இருக்கறது இருக்கட்டும்"னு சொன்னாங்களாம். டிரிப்பரு இல்லாத காலத்துல ஒண்ணும் தெரியலை. இப்ப என்ன ஆகுதுன்னு ராசுக்குட்டி சொன்னான்: "உங்கூட்டு டிரிப்பரு, போன கரண்டு திரும்பி வரலையேன்னு விழுகுதுங்க்கா. அவங்கூட்டு டிரிப்பரு, நான் அனுப்பாத கரண்டு எங்கிருந்துடா வருதுன்னு விழுகுது. ரெண்டும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது."

இதையெல்லாம் அவன் வாசல்ல வெச்சுத்தான் சொல்றான். மாப்பிள்ளையோட அம்மா கேட்டுட்டே இருந்தவங்க, பூங்கொடியைப் பாத்து, "அந்தப் பக்கம் இருந்து பேசறவங்க யாருங்க?"ன்னாங்க.

குடும்பத்துக்குள்ள பேச்சு வார்த்தை இல்லைன்னு தெரிஞ்சா எந்தச் சம்பந்தி உள்ள கால் வெப்பா? பூங்கொடி என்ன சொல்லப் போறாளோன்னு கதவோரமா நிக்கறேன்.

"எங்க மூத்த அக்காங்க. மேகலாவுக்குப் பெரீம்மா. அவங்கதான் மேகலாவை வளத்தவங்க"ன்னா.

"அப்படியா? அப்ப ஏன் அங்கயே நிக்கறாங்க?"

ஊருல எல்லாத்துக்கும் பதிலு வெச்சிருக்கறவ, இப்ப எங்கூட்டு வாசலைத் திரும்பிப் பாக்கறா. நான் விடுவனா? ஈரக் கையை முந்தானையில தொடைச்சுட்டு வாசலுக்கு வந்தேன். "வாங்கம்மா, வாங்க. துணி ஊறப்போட்டிருந்தேன். ரெண்டு ஊட்டுத் துணியும் நாந்தான் தொவைக்கறது, பூங்கொடிக்குச் சமையல் வேலை சரியா இருக்குமில்ல. இதை முடிச்சுட்டு வந்தரலாம்னு பாத்தேன், அதுக்குள்ள கரண்டு இப்படி மானத்தை வாங்கிப்போடுச்சு"ன்னேன். பொய்யி சும்மா தண்ணியாட்ட வருது. பூங்கொடி என்னைப் பாக்கறா. "ஆமாங்க, அக்கா ஒரு நாளும் என்னையத் துணியைத் தொட விட்டதில்லை"ங்கறா. அவ என்னையவிடப் பெரிய பொய்க்காரி.

மேகலா ஓடி வந்து எங்கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. நான் நெனச்சது சரி, சடை கோணிப் போயித்தான் இருந்துச்சு. உள் ரூமுல உக்கார வெச்சு அவுத்துப் பின்னிவிட்டுட்டு, கேசரியில கருகுன முந்திரியைப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் தட்டை வெளிய அனுப்புனேன். சம்பந்தியம்மாவுக்குப் பொண்ணையும் புடிச்சுப் போச்சு, எங்க ஒத்துமையையும் புடிச்சுப் போச்சு. "இந்தக் காலத்துல ஓரகத்திக இப்படி இருக்கறதைப் பாக்கவே முடியறதில்லை"ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கலை. பாத்தா சிரிப்பு வந்துரும். ஆவணியில கல்யாணம்.

ராசுக்குட்டி அன்னைக்குச் செவுத்தைக் கொத்த முடியாதில்ல, விருந்தாளிக இருக்கறாங்க. அதனால தற்காலிகமா ஒண்ணு பண்ணுனான். திரும்பிப் போற ஒயரு அவ பொட்டியில இருக்குது, அப்ப வர்ற ஒயரையும் அவ பொட்டியில இருந்தே குடுத்துட்டா ரெண்டும் ஒரே ஊட்டுக் கணக்கு, விழுகாதுன்னான். குடுத்தான். மிசினு ஓடுச்சு. எங்கூட்டு மிசினு, அவ ஊட்டுக் கரண்டு. அதுக்குச் சுவிட்சும் அவ ஊட்டு ஆசாரத்துல.

அந்தச் சுவிட்சால இப்ப நான் படற பாட்டைக் கேளு. காத்தால துணி போடோணும்னா செவுத்துகிட்ட நின்னு, "பூங்கொடி, சுவிட்சைப் போடு"ன்னு கூப்பிடோணும். அவ ஒடனே போடுவாளா? "இன்னைக்கு என்ன கொழம்பு?"ம்பா. அதைச் சொன்னாத்தான் போடுவா. கரண்டு அவளுதாச்சே, சும்மா எடுத்துக்க முடியுமா? அதனால அவங்க துணியையும் நானே மிசினுல போட்டுக் குடுக்கறேன். சம்பந்தியம்மாகிட்டச் சொன்ன பொய்யி நெசமாப் போச்சு பாரு. துணி முடிஞ்சதும் அவ வந்துருவா, நான் புழியக் கூடாதாம், காயப்போடக் கூடாதாம், மணிக்கட்டு போயிருமாம். எல்லாத்தையும் அவளே காயப்போடுவா. அக்கறையெல்லாம் ஒண்ணும் இல்லை, எங்க பக்கத்துல கொடி நீளம், அவ துணியும் நல்லாக் காயுமில்ல, அதுக்குத்தான். காயப்போட்டுட்டுப் போவாளா? உக்காந்து ஒரு காபி குடிச்சுட்டுத்தான் போவா. எம்பொழுதே அவளாலதான் போகுது.

போன மாசம் ராசுக்குட்டி ஒயருச் சுருளோட வந்து நின்னான். "கொத்திச் சரி பண்ணிரலாங்க்கா, இது முறையான வேலை இல்லை"ன்னான். நான் சொன்னேன், கல்யாணம் வெச்சிருக்கற ஊடு, இப்பப் போயிச் செவுத்தைக் கொத்துனா ஒரே தூசி, அப்பறம் பாக்கலாம்னு. அந்தப் பக்கம் போயிக் கேட்டிருக்கறான். அவளும் அதையேதான் சொல்லியிருக்கறா. கல்யாணம் முடிஞ்சு வான்னா, முடிஞ்சதும் புள்ளைக்குத் தலை தீபாவளி வரும், அப்பறம் ஆடி வரும், அப்பெல்லாம் எங்க கொத்தறது. பாக்கலாம்.

இரு கண்ணு, போன் அடிக்குது. யாரு... அவதான். சொன்னனில்ல.

"என்ன பூங்கொடி... பஸ்ஸுலதான்... இன்னும் அவினாசியே வரலை... எந்தத் திருகு? அதைத் தொடாத. அதுக்குப் பக்கத்துல இருக்கறதை ரெண்டுல வையி... சோப்பு ஒரு மூடி. ஒரே மூடி... ரெண்டு போட்டுட்டியா? ஏன் அப்படிப் பண்ணுன?... நொரை வெளிய வருதா? வந்தா வரட்டும், நீ அதுல நடக்காத, வழுக்கி விழுந்து வெப்ப... மேகலாவைக் கூப்பிட்டுக்க... ம்... சாப்புட்டேன், சாப்புட்டேன். முறுக்குத்தான். உப்புக் கம்மி... சரி வையி."

பாத்தியா. சாவியை அவகிட்டத்தான் குடுத்துட்டு வந்தேன். வேற யாருகிட்டக் குடுக்கறது, எங்கூட்டுக்காரரு எங்கயாச்சும் வெச்சுத் தொலைச்சுருவாரு. எம்பையன், ஒரு வாரம் இருந்துட்டுப் போம்மா, எப்ப வந்தாலும் ஓடறதுலயே இருக்கறன்னு கோவிச்சுக்கறான். இந்தத் தடவை இருக்கோணும்னுதான் நாலு சேலை எடுத்துட்டு வந்தேன்.

எங்க இருக்கறது? நாளைக்கு மத்தியானமே பஸ் ஏறிருவேன் கண்ணு. ரெண்டு மூடி சோப்புப் போட்டா மிசினு என்னத்துக்கு ஆகும்.